நன்றி சொல்லாத தளமும் கணக்கெடுக்கும் இயந்திரமும்

2019இல் ரெடிட் தளத்தில் ஒரு வேடிக்கையான குழு முளைத்தது. பெயர் சப்சிமுலேட்டர் ஜிபிடி2. அங்கே பதிவு போட்டதும் மறுமொழி எழுதியதும் தானியங்கிக் கணக்குகள்தான். மனிதர்கள் வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். எல்லாக் கணக்குகளுக்கும் அடியில் இருந்தது ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-2 என்ற மொழி மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஏதேனும் ஒரு ரெடிட் குழுவின் பழைய பதிவுகளைக் கொடுத்துத் தனியே பயிற்சி தந்திருந்தார்கள். உறவுச் சிக்கல் குழுவில் பழகியது வயதைச் சொல்லிவிட்டுக் காதலன்மீது புகார் வாசித்தது. பொது அறிவுக் குழுவில் பழகியது இல்லாத தகவலை அடித்துச் சொன்னது. பொருள் அபத்தம், தொனி மட்டும் அச்சு அசல்.

இன்றைய ஏஐ முகவர் இதற்கு ஒரு படி மேலே. மொழி மாதிரியோடு தேடவும், பக்கங்களைத் திறக்கவும், நிரல் எழுதி எண்ணவும் கருவிகளைச் சேர்த்தால் அதுதான் முகவர். “ரெடிட்டையும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையும் ஒப்பிடு” என்றால், கொஞ்சம் பதிவுகளை எடுத்து நீளம், கிண்டல், மரியாதைச் சொற்கள் என்று கணக்கெடுக்கும். கிடைத்ததைப் பார்த்து அடுத்து எதைத் தேடுவது என்று தானே முடிவு செய்யும்.

எண்ணுவதில்தான் வம்பு. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ‘நன்றி’ அரிது. வெறும் நன்றிக்காக மறுமொழி போடாதீர்கள், விடை பயன்பட்டால் வாக்களியுங்கள் என்பது அந்தத் தளத்தின் வழக்கம். சொல்லை மட்டும் எண்ணும் முகவர் அதைத் திமிர் என்று எழுதிவிடும். விதிகள் பக்கத்தையும் படிக்கும் முகவர் தப்பிக்கும்.

அழிக்கப்பட்டவை இன்னும் பெரிய சிக்கல். வரலாற்றுக் கேள்விகளுக்கான ரெடிட்டின் ஆஸ்க்ஹிஸ்டோரியன்ஸ் குழுவில் மேலோட்டமான விடைகளை மட்டுறுத்துநர்கள் தயவு தாட்சண்யமின்றி நீக்கிவிடுவார்கள். முகவருக்குக் கிடைப்பது சலித்து மிஞ்சியது. அதைப் படித்து ‘இங்கே எல்லாரும் அறிஞர்கள்’ என்று அது சொன்னால், சம்பளமில்லாமல் உழைக்கும் அந்த மட்டுறுத்துநர்களின் கெடுபிடியைத்தான் பாராட்டுகிறது. வெளியாருக்கு மூடிய வாட்ஸ்அப் குழுக்களிலோ எட்டிப்பார்க்கவே வழியில்லை.

முகவரின் வளர்ப்பையும் விசாரிக்க வேண்டும். ஜிபிடி-2 படித்த பக்கங்கள் எப்படித் தேர்வாயின தெரியுமா? ரெடிட்டில் பகிரப்பட்டு, பயனர் வாக்குகளால் சேரும் கர்மா புள்ளிகள் குறைந்தது 3 பெற்ற இணைப்புகளிலிருந்து. சுமார் 80 லட்சம் ஆவணங்கள். பின்வந்த மாதிரிகளின் தீனி பெரிது, கலவையானது. ஆனாலும் ஒரு முகவர் ஏதோ ஒரு தளத்தை முரட்டுத்தனமானது என்று அறிக்கை தரும்போது, அது யாருடைய காதுக்கு முரடு என்று கேட்டுவைப்பது நல்லது.