பூட்டிய பெட்டியும் திறந்த போட்டியும்

ரேஸ் காரைச் சோதிக்கும் அதிகாரிக்கு ஒரு காலத்தில் அளவுகோலும் தராசும் போதுமாக இருந்தன. சிலிண்டரின் விட்டத்தை அளக்கலாம், காரை எடை போடலாம். விதியை மீறிய பாகம் கையில் சிக்கிவிடும். இன்று இன்ஜினை ஆள்வது இசியு என்ற சின்னக் கணினிப் பெட்டி. ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது, இன்ஜின் என்ன வேகத்தில் சுழல்கிறது, உள்ளே போகும் காற்றின் அழுத்தம் என்ன என்பதைச் சென்சார்கள் சொல்ல, எவ்வளவு பெட்ரோலைப் பீய்ச்சுவது, எந்தக் கணத்தில் தீப்பொறி கொடுப்பது என்று அது முடிவு செய்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு 50 தடவை இந்த முடிவு எடுக்கப்படுகிறது. அதற்கான எண்கள் ‘மேப்’ எனப்படும் அட்டவணையில் இருக்கின்றன. ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், அந்த எண்களை மாற்றியே இன்ஜினின் குணத்தை மாற்றிவிடலாம். அதனால்தான் ஒரே பிரிவில் ஓடும் கார்கள் அனைத்துக்கும் பெட்டியும் அதன் நிரலும் ஒன்றாக இருக்க வேண்டும், மேப்பின் எண்களை மட்டும் இன்ஜினைப் பதப்படுத்தும் ட்யூனரிடம் விட வேண்டும் என்கிறேன்.

தடை போட்டால் போதாதா என்று கேட்கலாம். ஃபார்முலா ஒன் அதைச் செய்து பார்த்தது. சக்கரம் வழுக்கும்போது இன்ஜினின் சக்தியைத் தானாகக் குறைக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் 1994-இல் தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டே முன்னணி அணிகளின் நிரல்களை ஆராய்ந்தபோது, பெனட்டன் காரின் நிரலுக்குள், காரைத் தானாகச் சீறிக் கிளப்பும் வசதி மறைவாக இருந்தது தெரியவந்தது. பந்தயத்தில் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பயன்படுத்தவில்லை என்று உறுதியாகச் சொல்லவும் வழியில்லை. டிராக்‌ஷன் கண்ட்ரோலையும் இப்படி மறைத்து வைக்கலாம்: சக்கரம் வழுக்கினால் இன்ஜினின் சுழற்சி சட்டென்று எகிறும். அதை மட்டும் கவனித்துத் தீப்பொறியை நிறுத்தினாலே போதும், தனிச் சென்சாரே தேவையில்லை. இப்படி ஒளிந்துகொள்ளும் ஒன்றைப் பிடிக்க முடியாத நிலையில், 2001 ஸ்பெயின் பந்தயம் முதல் தடையே விலக்கப்பட்டது. 2008-இல் மெக்லாரன் நிறுவனத்தின் மின்னணுப் பிரிவு தயாரித்த ஒரே இசியு எல்லா அணிகளுக்கும் கட்டாயமானது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் தடையும் திரும்ப வந்தது. பெட்டி பொதுவான பிறகுதான் அந்தத் தடைக்கு உயிர் வந்தது.

இது புதுமையைக் கொன்றுவிடும் என்பது வலுவான மறுப்பு. மோட்டோ ஜிபி பைக் பந்தயத்தின் அனுபவம் வேறு கதை சொல்கிறது. 2011 முதல் 2015 வரை ஐந்து ஆண்டுகள், எல்லாப் பந்தயங்களையும் ஹோண்டாவும் யமஹாவும் மட்டுமே வென்றன. 2016-இல் எல்லோருக்கும் பொதுவான நிரல் வந்தது. அந்த ஆண்டு ஒன்பது வீரர்கள் வென்றார்கள். டுகாட்டியும் சுஸுகியும் வெற்றி மேடை ஏறின. அதே ஆண்டு டயர் நிறுவனமும் மாறியது என்பதால் முழுப் பெருமையும் நிரலுக்கு உரியதல்ல. ஆனால் பொதுநிரல் போட்டியை மழுங்கடிக்கும் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

ட்யூனரின் கலைக்கு வேலையில்லாமல் போகும் என்ற கவலையும் வேண்டாம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு சக்திக்கு அதை 13-க்கும் கீழே இறக்குவார்கள். தீப்பொறியை முன்கூட்டிக் கொடுத்தால் ஓரளவு வரை சக்தி கூடும். எல்லை தாண்டினால் கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் ‘நாக்’ ஏற்பட்டுப் பிஸ்டன் உருகவும்கூடும். சூடான பிற்பகலில் காற்றின் அடர்த்தி குறைவதால் கணக்கு மறுபடி மாறும். இந்த எல்லையின் விளிம்பைக் கண்டுபிடிப்பதே ட்யூனரின் திறமை. அதைப் பொதுப்பெட்டி பறிப்பதில்லை. நிரல் எழுத ஆள் வைக்கும் பணபலத்தைத்தான் பறிக்கிறது.

ஆகவே சிறு பிரிவுப் பந்தயங்களுக்கு விதி எழுதுபவர்களே, ‘இதைச் செய்யக்கூடாது’ என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, ஒரே இசியுவைத் தேர்ந்து முத்திரை வையுங்கள். பந்தயம் முடிந்ததும் எந்தக் காரிலும் கம்பியைச் செருகி மேப்பைப் படிக்கும் உரிமையைச் சோதனையாளருக்குக் கொடுங்கள். சோதிக்க முடியாத விதி, நேர்மையாக ஓடுபவனுக்கு மட்டுமே தண்டனை.