நாலே நாலு வடிவம்... இதுக்கா டென்ஷன் பாஸ்?

"ஐ டிட்ன்ட் கம்ப்ளீட்டட் தட் பேப்பர் சார்!"

கேம்பஸ் இன்டர்வியூவில் அரியர் பற்றிக் கேட்டதும் நம்ம ஆளுங்க பல பேர் வாயிலிருந்து வந்து விழும் வாக்கியம் இது. அரியரைக்கூடப் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடும் ஹெச்.ஆர். ஆசாமி, அந்த 'கம்ப்ளீட்டட்'டைக் கேட்டதும் பேனாவை மூடிவிடுவார். சப்ஜெக்ட்ல புலியா இருக்கிற பையனை ஒரு குட்டி 'இ-டி' வீட்டுக்கு அனுப்புவது அநியாயம்தானே?

டென்ஸ் என்றாலே நமக்கு டென்ஷன். பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணையை ஸ்கூலில் மனப்பாடம் பண்ண வைத்த பயம் அப்படி. ஆனா, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. தமிழ்ல 'நட' என்ற ஒரு வினைச்சொல். நடந்தேன், நடந்தாய், நடந்தான், நடந்தாள், நடந்தார், நடந்தது, நடந்தோம், நடந்தீர்கள், நடந்தார்கள், நடந்தன... இறந்தகாலத்துக்கே பத்து ஆச்சு. நிகழ்காலம், எதிர்காலம் பாக்கி இருக்கு. இங்கிலீஷ்ல? வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங். மொத்தமே நாலு! எதிர்காலத்துக்குன்னு தனி விகுதிகூடக் கிடையாது. 'வில்' வந்து வேலையை முடிச்சுட்டுப் போயிடும். நூறு விகுதியை அசால்ட்டா சமாளிக்கிற நாக்கு நம்மளுது. நாலுக்குப் போய் நடுங்கலாமா?

சரி, அந்த 'டிட்' விவகாரம். காலத்தைக் காட்டுற வேலையை 'டிட்' எடுத்துக்கிட்டா, பக்கத்துல நிக்கிற வினைச்சொல்லுக்கு 'இ-டி' தேவையில்லை. 'டிட்ன்ட் கம்ப்ளீட்'. அவ்வளவுதான். இது வெள்ளைக்காரன் சதி எல்லாம் இல்ல, நம்ம ஊர்லயும் இதே கதைதான். 'முடித்தேன்' என்பதில் இறந்தகாலம் காட்டும் 'த்' இடைநிலை இருக்கு. 'முடிக்கவில்லை' என்பதில் இருக்கா? தேடிப் பாருங்க, இருக்காது. 'முடித்தவில்லை' என்று யாராவது சொல்வோமா? அப்புறம் ஏன் 'டிட்ன்ட் கம்ப்ளீட்டட்'? 'டஸ்' வந்தாலும் இதே ரூல். கடைசியில் ஒட்டும் 'எஸ்'ஸை அது முழுங்கிடும். 'டஸ் ஹி வாக்', நோ 'வாக்ஸ்'.

தமிழ் காப்பாத்துற இடமும் உண்டு, கவுத்து விடுற இடமும் உண்டு. "ரெண்டு வருஷமா வேலை பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பதை அப்படியே மாத்தி "ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று விடுவோம். போச்சு! எப்பவோ ஆரம்பிச்சு இன்னும் ஓடிக்கிட்டிருந்தா, "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்". அதே மாதிரி, "போன வருஷமே முடிச்சிருக்கேன்" என்பது நமக்கு ஓகே. இங்கிலீஷ்ல வருஷத்தைச் சொல்லிட்டா 'ஹேவ்' கூடாது. "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.எஸ்சி. லாஸ்ட் இயர்" தப்பு, "ஐ கம்ப்ளீட்டட்" கரெக்ட். வருஷம் சொல்லலையா, தாராளமா 'ஹேவ்' போட்டுக்குங்க. செல்ஃப் இன்ட்ரோவில் அதிகம் பேர் சறுக்குறது இங்கதான் என்பது என் அபிப்பிராயம்.

உச்சரிப்பு தனி காமெடி. 'டெவலப்பெட்', 'ஆஸ்கெட்', 'வாக்கெட்' என்று எல்லாத்துக்கும் 'எட்' போட்டு ராகம் இழுக்கிறோம். 'டி' அல்லது 'டீ' ஒலியில் முடியும் சொல்லுக்கு மட்டும்தான் அந்த எக்ஸ்ட்ரா அசை: வான்டட், நீடட், கம்ப்ளீட்டட். மத்ததெல்லாம் ஒரே மூச்சு: டெவலப்ட், ஆஸ்க்ட், ப்ளேய்ட். அடிப்படை வினையைச் சொல்லும்போது தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். கடைசி ஒலி அதிர்ந்தால் மெத்தென்ற 'ட்', அதிராவிட்டால் அழுத்தமான 'ட்'. (பஸ்ல வேணாம், பக்கத்து சீட்காரர் பயந்துடுவார்.)

சரி, இந்த 'இ-டி'க்கு ஏன் இவ்வளவு மவுசு? பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கில்லாமல் திரிந்த 177 வினைச்சொற்களை ஆராய்ந்து, 2007-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதில் இன்றும் முரண்டு பிடிப்பவை 98 தான். மீதியெல்லாம் காலப்போக்கில் 'இ-டி'யிடம் சரண்டர். 'ஹெல்ப்'கூட ஒரு காலத்தில் முரட்டு ஆசாமிதான். இப்போ சமர்த்தா 'ஹெல்ப்ட்'. புதுசா பிறக்கும் சொல்லுக்கோ பெரும்பாலும் வேற வழியே இல்லை. 'கூகுள்' 2006-ல் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் வினைச்சொல்லாக ஏறியது. இறந்தகாலம்? யாரும் கிளாஸ் எடுக்கல, தானா 'கூகுள்ட்' ஆயிடுச்சு. 1958-ல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், குழந்தைகளிடம் 'ரிக்' மாதிரி இல்லாத வினைச்சொற்களைச் சொல்லி "நேத்து என்ன செஞ்சான்?" என்று கேட்டார். அந்த வாண்டுகள் கேட்டே இராத சொல்லுக்கும் 'ரிக்ட்' என்று 'இ-டி'யை ஒட்டின. மனப்பாடம் இல்லை பாஸ், பழக்கம்!

காலம் முடிஞ்சது, இனி மனநிலை. "இஃப் ஐ பாஸ்ட் ஆல் த பேப்பர்ஸ், ஐ வுட் ட்ரீட் யூ" என்று ஒரு ஃப்ரெண்ட் சொன்னால், ட்ரீட்டை மறந்துடுங்க. அவனுக்கே நம்பிக்கை இல்லை! அந்த 'இ-டி' நேற்றைக் காட்டவில்லை, நடக்குமா என்ற சந்தேகத்தைக் காட்டுகிறது. 'இஃப் ஐ பாஸ்... ஐ வில்' என்றால் பர்ஸ் திறக்க சான்ஸ் உண்டு. நாளைய விஷயத்துக்கு ஏன் இறந்தகால வேஷம் என்று சிரிக்காதீங்க. 'நடந்தால்' என்பதில் நாமும் 'நடந்த்' என்ற இறந்தகால அடியைத்தானே வைத்திருக்கிறோம்?

கடைசியா ஒரு விசித்திரம். "லாங் லிவ் த கிங்" என்பதில் ராஜா ஒருத்தர்தான், ஆனா 'லிவ்ஸ்' இல்லை. ஏன்னா, அது தகவல் இல்லை, 'வாழ்க' என்ற வாழ்த்து. நம்ம வியங்கோளின் தூரத்துச் சாயல். கட்டளையும் வேண்டுகோளும் வரும் இடத்திலும் இந்த வாசனை அடிக்கும். "இட் இஸ் எசென்ஷியல் தட் எவ்ரி ஸ்டூடன்ட் அட்டெண்ட்" என்று உங்க நோட்டீஸ் போர்டில் இருந்தால், 'எஸ்'ஸை விட்டுட்டாங்க என்று பேனாவால் திருத்திடாதீங்க. பிரின்சிபால் எழுதினது சரிதான்.