போதை நோயும் நம் ஊர் ஆஸ்பத்திரியும்

அபின், ஹெராயின் மட்டுமன்றிச் சில வலி மாத்திரைகளும் மனிதரை அடிமை கொள்கின்றன. 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் அபின் இனப் பொருள்களை உட்கொள்வதாகக் கணக்கிட்டது. இப்பழக்கம் வெறும் ஒழுக்கக் கேடன்று; மருந்துள்ள நோய்.

குண்டடம் போன்ற ஊர்களின் சிறு ஆஸ்பத்திரி செய்யக்கூடியது யாது? வந்தவரை இகழாது விசாரித்தல். மருந்தை நிறுத்தியதும் தோன்றும் உடல்வலி, வாந்தி, பேதியைத் தணித்தல். புப்ரிநார்ஃபின் அளிக்கும் சிகிச்சை நிலையத்திற்கு அனுப்புதல். திரும்பிய பின்னும் கவனித்து வருதல்.

சில நாள் நிறுத்தியவர் பழைய அளவையே மீண்டும் உட்கொண்டால் மூச்சடங்கி உயிர் போகலாம். ஆகவே, வீட்டில் பூட்டி வைத்துத் திருத்த முயல்வது ஆபத்தாகும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அவரை ஊரறியத் தூற்றாது, ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவார்களாக. 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் நாம் ஆலோசனை பெறலாம்.