பயிர்ப் பருவங்களுக்கேற்ற திரவ எருக்கள்
இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களின் விவசாயிகளுக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு வட்டங்களிலும் மண்ணும் பயிரும் பலவிதமாயிருப்பது யாவரும் அறிந்ததே. மலையடிவாரத்துச் செம்மண் நிலங்களில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும், கண்மாய்ப் பாசனத்தின் கீழ் நெல்லும் வாழையும், கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் நிலங்களில் பருத்தியும் பயறு வகைகளும் சாகுபடியாகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருப்பதும், அவ்வூரின் பெயரால் எஸ்.வி.பி.ஆர். என்று வழங்கும் பருத்தி ரகங்கள் அங்கிருந்து வெளிவந்திருப்பதும் இவ்வட்டாரத்திற்குரிய சிறப்பாகும். பாற்பசுக்கள் மிகுந்து பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற இப்பிரதேசத்தில் சாணத்திற்கும் கோமூத்திரத்திற்கும் குறைவில்லை. ஆயினும் அவற்றுள் பெரும்பகுதி, முக்கியமாகக் கோமூத்திரம், தொழுவத்து மண்ணில் வீணாகச் சுவறிப் போகின்றது. அதனைச் சேகரித்துத் திரவ எருவாக்கிப் பயிரின் பருவமறிந்து பிரயோகிக்கும் முறையையும், அதனால் எதிர்பார்க்கத்தக்க பலன் எவ்வளவு என்பதையும் இங்கு விளக்குவோம்.

திரவ எருவின் வரலாறு

எருவை நீரிற் புளிக்கவைத்து மரஞ்செடிகளுக்கு ஊற்றும் வழக்கம் நமது தேசத்தில் புதிதன்று. சுரபாலர் என்பவர் வடமொழியில் இயற்றிய விருக்ஷாயுர்வேதம் என்னும் நூலில் குணபஜலம் என்ற புளித்த திரவ எரு கூறப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்துப் பாட்லியன் நூலகத்திலிருந்த அதன் கையெழுத்துப் பிரதி 1996ஆம் ஆண்டில் மொழிபெயர்த்து வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டம் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் கே. நடராஜன் அவர்கள் பஞ்சகவ்யத்தைப் பயிர்களுக்கேற்றவாறு திருத்தி அமைத்துப் பரப்பினார். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதனைப் பரிசீலித்துப் பயிர்வாரியாகத் தெளிக்கும் முறைகளை வெளியிட்டுள்ளது. ஜீவாமிர்தம் மகாராஷ்டிரத்துச் சுபாஷ் பாலேக்கர் அவர்களால் பரவியது. மீன் அமிலம் கொரியா தேசத்துச் சோ ஹான் கியு அவர்களின் இயற்கை விவசாய முறையைச் சார்ந்தது.

முதலாவதாக அறிய வேண்டுவது

திரவ எருவைக் குறித்து விவசாயிகளிடையே இருவகைத் தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. ஒரு சாரார் அதனை முற்றும் பயனற்றதென்கின்றனர். மற்றொரு சாரார் அதனைத் தெளித்துவிட்டால் தொழு எருவும் தழை எருவும் வேண்டியதில்லை என்கின்றனர். இவ்விரண்டும் பிசகு. பின்னதை நம்பியவருக்கே பணநஷ்டம் அதிகம் ஆதலால், அதைக் கணக்கிட்டுப் பார்த்தல் அவசியம்.

நெற்பயிருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 50 முதல் 60 கிலோ தழைச்சத்து சிபாரிசு செய்யப்படுகின்றது. நூற்றுக்கு மூன்று வீதம் கலந்த பஞ்சகவ்யத்தை ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால், அதில் அடங்கியிருப்பது 6 லிட்டர் பஞ்சகவ்யமே. லிட்டர் ஒன்றில் 10 கிராம் தழைச்சத்து உண்டெனத் தாராளமாகக் கொண்டாலும், ஒருமுறை தெளிப்பதால் பயிர் பெறுவது 60 கிராம். ஐந்து முறை தெளித்தாலும் 300 கிராமே. இதற்கு மாறாக, ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு எரு இட்டால், அதில் ஏறக்குறைய 25 கிலோ தழைச்சத்து அடங்கியிருக்கும். அது முழுவதும் முதல் வருஷத்திலேயே பயிருக்குக் கிடைக்காவிடினும், எஞ்சியது நிலத்திலேயே தங்கிப் பின்வரும் பயிர்களுக்கு உதவும். தக்கைப்பூண்டைச் செழிக்க விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் 25 முதல் 30 கிலோ வரை சேரும்.

ஆகவே வயிற்றுக்குச் சோறு போன்றது தொழு எருவும் தழை எருவும். திரவ எருவோ அச்சோறு செரித்து உடலிற் சேர உதவும் மோரும் ரசமும் போன்றது. அதில் உள்ள நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள எருவைச் சிதைத்துச் சத்தை வேருக்கு எட்டச் செய்கின்றன. புளிக்கும்போது உண்டாகும் வளர்ச்சி ஊக்கிகள் சொற்ப அளவிலேயே வேர்விடுதலையும் தளிர்த்தலையும் தூண்டுகின்றன. அடியெரு இல்லாத நிலத்தில் இவை வேலை செய்வதற்குப் பொருளில்லை.

தயாரிக்கும் முறைகள்

1. ஜீவாமிர்தம். பசுஞ்சாணம் 10 கிலோ, கோமூத்திரம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, ஏதேனும் ஒரு பயறு மாவு 2 கிலோ, இரசாயனம் படாத வரப்பு மண் ஒரு கைப்பிடி ஆகியவற்றை 200 லிட்டர் ஜலத்திற் கரைத்து, நிழலில் வைத்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை கலக்கிவர வேண்டும். வெல்லமும் மாவும் நுண்ணுயிர்களுக்கு ஆகாரமாகும். 48 மணி நேரத்தில் இது பக்குவமடையும். ஆகாரம் தீர்ந்தபின் நுண்ணுயிர்கள் குறைந்துவிடுமாதலால் ஒரு வாரத்திற்குள் உபயோகித்துவிட வேண்டும். இவ்வளவும் ஓர் ஏக்கருக்குப் பாசன நீருடன் பாய்ச்சப் போதுமானது.

2. பஞ்சகவ்யம். பசுஞ்சாணம் 7 கிலோவுடன் நெய் 1 கிலோவைப் பிசைந்து மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். பின்பு கோமூத்திரம் 10 லிட்டரும் ஜலம் 10 லிட்டரும் சேர்த்து 15 நாள் காலை மாலை கலக்கிவர வேண்டும். அதன்பின் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, நன்கு கனிந்த பூவன் பழம் 12 ஆகியவற்றைச் சேர்த்தால், தொடங்கிய நாளிலிருந்து ஏறக்குறைய 30 நாளில் ஆயத்தமாகும். வாயகன்ற மண் தொட்டி, சிமிட்டித் தொட்டி அல்லது பிளாஸ்டிக் பீப்பாய் ஏற்றது. உலோகப் பாத்திரம் ஆகாது. ஈக்கள் முட்டையிடாதபடி வலை அல்லது துணியால் மூட வேண்டும்.

3. மீன் அமிலம். மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம எடை கலந்து, பாத்திரத்திற் சிறிது இடம் விட்டுக் காற்றுப் புகாமல் மூடி, மூன்று நான்கு வாரங்கள் வைத்திருந்தால் தேன் போன்ற திரவம் இறங்கும். 10 லிட்டர் ஜலத்திற்கு 50 மில்லி லிட்டர் போதும்.

4. தேமோர்க் கரைசல். புளித்த மோர் 5 லிட்டரும் தேங்காய்ப்பால் 1 லிட்டரும் கலந்து ஏழு நாள் புளிக்கவைத்து, 10 லிட்டர் ஜலத்திற்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சேர்த்துத் தெளிக்கலாம். தேங்காய்க்குப் பதிலாக உசிலை மரத்தின் இலையாகிய அரப்பை அரைத்து மோரிற் கலந்து புளிக்கவைப்பது அரப்பு மோர்க் கரைசலாகும்.

எதை எங்கே செலவிடுவது

இவ்வட்டாரத்தில் பாலுக்கு நல்ல கிராக்கி உண்டு. ஒரு கிலோ நெய்க்குச் சுமார் 25 லிட்டர் பசும்பால் வேண்டும். பாலும் தயிரும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு முறை பஞ்சகவ்யம் தயாரிக்க ஏறத்தாழ 30 லிட்டர் பாலின் விலை அதிற் போகின்றது. அது சில ஏக்கர் நிலத்தில் ஒருமுறை தெளிக்க மட்டுமே ஆகும். ஆதலின் பஞ்சகவ்யத்தை விதை நேர்த்திக்கும், நாற்றங்காலுக்கும், பூக்கும் தருணத்திற்கும் என ஒதுக்கி வைத்துக்கொண்டு, பால் சேராத ஜீவாமிர்தத்தைப் பரந்த வயலுக்கும் தோப்புக்கும் பயன்படுத்துதலே சிக்கனமான முறையாகும்.

பருவத்திற்கேற்ற பிரயோகம்

விதைப் பருவம்: நூற்றுக்கு மூன்று வீதம் கலந்த பஞ்சகவ்யத்தில் விதையை 20 நிமிஷம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். கரும்புக் கரணை, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் விதைக் கிழங்கு இவற்றுக்கு 30 நிமிஷம் வேண்டும்.

வேரூன்றித் தழைக்கும் பருவம்: இப்பொழுது பயிருக்கு வேண்டுவது வேர்ப்பெருக்கமும் தழைச்சத்துமாகும். பதினைந்து நாளுக்கொருமுறை ஜீவாமிர்தத்தைப் பாசன நீரோடு பாய்ச்சி, இலை வெளுத்திருந்தால் மீன் அமிலத்தை ஓரிரு முறை தெளிக்கலாம். நடவு நெல்லுக்கு நட்ட 10, 15, 30, 50ஆம் நாட்களில் பஞ்சகவ்யம் தெளிக்கும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லுகின்றது. வசதியற்றவர் முதல் மூன்றுக்குப் பதில் ஜீவாமிர்தத்தைப் பாய்ச்சிக் கடைசியை மட்டும் தெளித்துப் பார்க்கலாம்.

மொட்டும் பூவும் தோன்றும் பருவம்: மீன் அமிலம் முதலிய தழை வளர்க்கும் எருக்களை இப்பொழுது நிறுத்திவிட வேண்டும். பருத்தியில் சப்பை கட்டியபின் தழைச்சத்து மிகுந்தால் செடி கொழுத்து நின்று, காய் பிந்துவதோடு, தத்துப்பூச்சி, அசுவினி முதலிய சாறு உறிஞ்சும் பூச்சிகளும் பெருகும். தேமோர் அல்லது அரப்பு மோர்க் கரைசலை மொட்டுத் தோன்றும் தருணத்தில் தெளிப்பதே உரியது. மானாவாரி உளுந்துக்கு முதற்பூவின்போது ஒருமுறையும், பதினைந்து நாள் கழித்து ஒருமுறையும் பஞ்சகவ்யம் தெளித்தல் போதுமானது.

காய் முதிரும் பருவம்: பஞ்சகவ்யம் ஒரேயொரு முறை போதும். அதன்பின் எதுவும் தெளியாதிருத்தல் நலம்.

மாவும் தென்னையும்

மாமரத்தின் பருவம் ஏனைய பயிர்களினின்றும் வேறானது. அறுவடை முடிந்து கவாத்துச் செய்தபின், ஆடி, ஆவணி மாதங்களில் மரத்தடியில் தொழு எரு இட்டு ஜீவாமிர்தம் ஊற்றினால் புதுக்கிளைகள் தழைக்கும். அக்கிளைகள் முதிர்ந்து பூவெடுப்பதற்கு முன் இரண்டு மூன்று மாதம் மரத்திற்கு ஓய்வு வேண்டும். அவ்வமயம் நீரும் எருவும் கொடுத்தால் பூங்கொத்துக்குப் பதில் தளிரே வெளிப்படும். ஆதலால் ஐப்பசி முதல் பூங்கொத்துத் தோன்றும்வரை திரவ எருவை அடியோடு நிறுத்த வேண்டும். பூங்கொத்து வெளிவரும்போது ஒருமுறையும், பிஞ்சு பட்டாணி அளவானபின் ஒருமுறையும் பஞ்சகவ்யம் அல்லது தேமோர் தெளிக்கலாம். பூ முழுதும் விரிந்திருக்கும்போது எதைத் தெளித்தாலும் மகரந்தம் கழுவப்பட்டு, ஈக்களும் தேனீக்களும் அகன்று, காய்ப்பிடிப்புக் குறையும்.

தென்னை வருஷம் முழுதும் பாளை விடுவதால் அதற்குப் பருவ பேதமில்லை. மரத்தைச் சுற்றி ஆறடித் தூரத்திற்குள் வட்டப்பாத்தி அமைத்து, மாதமொருமுறை ஈரம் இருக்கும்போது 2 முதல் 5 லிட்டர் ஜீவாமிர்தம் ஊற்றி மட்டை, மஞ்சி முதலியவற்றால் மூடாக்கு இடலாம். காய்ந்த மண்ணில் ஊற்றுவது பெரிதும் வீண்.

கவனிக்க வேண்டியவை

கோமூத்திரத்தையோ வேறெந்தத் திரவ எருவையோ நீர் கலவாமல் இலைமீது தெளித்தால் இலை கருகும். தெளிப்பானில் ஊற்றுமுன் இருமுறை துணியால் வடிகட்ட வேண்டும். அதிகாலையிலாவது மாலையிலாவது தெளிக்க வேண்டும்.

சாணத்தில் மனிதருக்கு நோய் விளைக்கும் கிருமிகளும் இருக்கக்கூடும். கீரை, கொத்தமல்லி, வெங்காயம், தக்காளி போன்று பச்சையாக உண்ணும் பயிர்களின் இலையிலும் காயிலும் சாணம் சேர்ந்த கரைசலைத் தெளிக்கலாகாது. மண்ணில் மாத்திரம், அதுவும் ஆரம்பப் பருவத்தில் மாத்திரம், இடலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் அங்கக விவசாய விதிகளின்படி, பச்சைச் சாணம் இட்ட நிலத்தில் மண்ணைத் தொடும் உணவுப் பயிரை 120 நாட்களுக்கும், மண்ணைத் தொடாததை 90 நாட்களுக்கும் முன் அறுவடை செய்யக்கூடாது. இவ்விஷயத்தை அயல்நாடுகள் எவ்வளவு எச்சரிக்கையுடன் நோக்குகின்றன என்பது இதனால் விளங்கும். கரைசலைக் கையாண்டவர் சோப்பினால் கைகழுவியே உண்ண வேண்டும்.

சோதித்து அறிதல்

ஒரு நிலத்திற் கண்ட பலன் மற்றொரு நிலத்தில் அப்படியே விளைவதில்லை. கரிசலும் செவலும் ஒன்றல்ல. கண்மாய் நிறைந்த வருஷமும் வறண்ட வருஷமும் ஒன்றல்ல. எனவே, புதிதாகத் தொடங்குவோர் தமது நிலம் முழுவதிலும் பிரயோகிக்காமல், ஒரே மண்ணும் ஒரே ரகமும் உள்ள வயலில் பத்துப் பத்து சென்ட் அளவில் இரு பகுதிகளைக் குறித்து, ஒன்றில் திரவ எரு இட்டும் மற்றொன்றில் இடாமலும், அடியெருவும் பாசனமும் இரண்டிற்கும் சமமாகக் கொடுத்தும் பார்க்க வேண்டும். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போட்டு, அதிகப்படி விளைச்சலின் விலையையும், வெல்லம், பால், நெய், கூலி ஆகியவற்றின் செலவையும் ஒப்பிட வேண்டும். இரண்டு மூன்று பருவம் இவ்வாறு எழுதி வைத்த கணக்கு, பிறர் சொல்லும் நூறு சாட்சிகளிலும் மேலானது. அங்ககச் சான்றிதழ் நாடுவோருக்கு இக்குறிப்பேடு வேறு வகையிலும் உதவும்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் இதில் செய்யத்தக்க உதவி சிறிதன்று. தொழுவத் தரையைச் சிமிட்டியாலோ கல்லாலோ பாவி, ஒரு மூலையில் கோமூத்திரம் வடியும் குழி அமைப்பதே திரவ எருவின் முதற்படி என்பதை மாடு வளர்ப்போருக்கு அவர்கள் எடுத்துக்கூறலாம். மாடில்லாத சிறு விவசாயிகளும் பயன்பெறும்படி கிராமத்திற்கு நான்கைந்து பீப்பாய்களைப் பொதுவில் வைத்து, முறைவைத்து ஜீவாமிர்தம் தயாரித்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். குப்பைமேட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்து சத்திழக்கும் சாணத்தைக் குழியிலிட்டு மக்கச் செய்வதும், தழைப்பூண்டு விதைப்பதும் முதலில் நடைபெற வேண்டும். அவை நடைபெறும் கிராமத்தில் திரவ எருவும் பலன் கொடுக்கும்.