விழா எடுத்தால் போதுமா, நிலம் வேண்டாமா?

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் மே 14 மோங் போர்வீரர்களை நினைவுகூரும் நாள். அரசே குறித்துக்கொடுத்த நாள். "இதுக்கும் இயற்கை உழவுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. மினசோட்டாவின் தலைநகரான செயின்ட் பாலில்தான் நான் வேலை பார்க்கிறேன். வாரச் சந்தையில் எனக்குப் பாகற்காயும் காராமணியும் கொத்தமல்லியும் தருபவர்கள் இந்த மோங் உழவர்கள்தான். இடைத்தரகர் கிடையாது. விளைவித்தவரே விற்கவேண்டும் என்பது அந்தச் சந்தையின் விதி.

யார் இவர்கள்?

மோங் மக்களுக்குத் தனி நாடு கிடையாது. தென்சீனம், வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளில் பரவி வாழும் இனம். லாவோஸ் மலைச்சரிவுகளில் காட்டைத் திருத்தி மேட்டுநெல்லும் மக்காச்சோளமும் காய்கறியும் விளைவித்தவர்கள். 1961 முதல் அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. இவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டி லாவோஸில் ஒரு ரகசியப் போரை நடத்தியது. மீசை முளைக்காத பையன்கள்கூடத் துப்பாக்கி தூக்கினார்கள். பல்லாயிரம் பேர் மாண்டார்கள்.

1975 மே 14 அன்று தளபதி வாங் பாவ் லோங் செங் தளத்திலிருந்து விமானத்தில் வெளியேறினார். விமானத்தில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் காட்டுவழியே நடந்து, மேக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து அகதி முகாம்களுக்குப் போனார்கள். ஆற்றோடு போனவர்களும் உண்டு. மாநிலங்கள் நினைவு நாளாக வைத்திருப்பது அந்த மே 14ஐத்தான்.

மெல்ல மெல்ல வந்த மரியாதை

ரகசியப் போர் என்பதால் அமெரிக்க அரசு பல வருஷம் வாயே திறக்கவில்லை. 1997இல்தான் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். 2000இல் வந்த ஒரு சட்டம், போரில் பங்கெடுத்த மோங் முதியவர்கள் ஆங்கிலத் தேர்வு எழுதாமலே குடியுரிமை பெற வழிசெய்தது. 2016இல் செயின்ட் பால் சட்டமன்ற வளாகத்தில் மூங்கில் குருத்து வடிவில் ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. 2024இல் விஸ்கான்சின் மாநிலம், மோங் அமெரிக்கர்களின் வரலாற்றைப் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும் என்று சட்டம் போட்டது.

அரசு மறந்திருந்த காலத்தில் இந்த மக்களே தங்கள் வரலாற்றைக் காத்தார்கள். முகாம்களில் பெண்கள் துணியில் கதையைத் தைத்தார்கள். வயல், ஆடுமாடு, குண்டு போடும் விமானம், ஆறு கடக்கும் குடும்பம், எல்லாம் வண்ண நூலில். அவர்களுடைய புத்தாண்டும் ஓர் அறுவடைத் திருநாள்தான். நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்த பிறகு, ஆவிகளுக்கும் முன்னோருக்கும் படைத்துவிட்டுக் கொண்டாடுவது. இளைஞர்களும் பெண்களும் எதிரெதிரே நின்று பந்தெறிந்து விளையாடுவார்கள். இப்போது செயின்ட் பாலில் நவம்பர் கடைசி வாரத்தில், பெரிய அரங்கில் நடக்கிறது. நம்ம பொங்கல் மாதிரியேதான், விளைச்சலுக்குச் செய்யும் மரியாதை.

நினைவு நாளால் நெல் விளையாது

ஆனால் பாருங்க, நினைவு நாள் வந்துவிட்டதால் உழவரின் கவலை தீரவில்லை. அகதிகளாக வந்தவர்களுக்குத் தெரிந்த தொழில் உழவு. சொந்த நிலம் இல்லை. நகரத்தைச் சுற்றித் துண்டு துண்டாகக் குத்தகை பிடித்தார்கள். ஒரு வருஷம் இருக்கும் நிலம் அடுத்த வருஷம் வீட்டுமனையாகிவிடும். குத்தகை நிலத்தில் பாடுபடும் நம் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாத நிலத்தில் யார் மரம் நடுவார்? யார் மண்ணுக்கு மக்கு சேர்ப்பார்? அமெரிக்காவில் இயற்கை வேளாண் சான்று வேண்டுமானால், அந்த நிலத்தில் தடைசெய்யப்பட்ட ரசாயனம் எதையும் மூன்று வருஷம் போட்டிருக்கக் கூடாது. வருஷா வருஷம் நிலம் மாறுகிறவர் அந்த மூன்று வருஷத்தை எப்படி முடிப்பார்? இயற்கை வழிக்கு வராததற்கு உழவரின் மனசைக் குறை சொல்கிறோம். பல நேரம் குறை மனசில் இல்லை, குத்தகைச் சீட்டில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டுதான் மோங் உழவர்கள் 2011இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். மோங் அமெரிக்க உழவர் சங்கம் என்று பெயர். செயின்ட் பாலுக்குத் தெற்கே, டகோட்டா மாவட்டத்தில் 155 ஏக்கர் நிலம் பிடித்து, குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நிச்சயமான நிலம் என்றதும் வேலையின் தன்மையே மாறியது. மூடுபயிர் விதைக்கிறார்கள். தேனீக்களுக்கும் மற்றப் பூச்சிகளுக்கும் பூச்செடி வளர்க்கிறார்கள். விளைச்சலைச் சேர்த்து, முன்பணம் கட்டிய வீடுகளுக்கு வாராந்திரக் காய்கறிப் பெட்டியாகவும், பள்ளிகளுக்கு மொத்தமாகவும் கொடுக்கிறார்கள். முதலில் குத்தகையாக இருந்த அந்த நிலம் பிறகு சங்கத்துக்கே சொந்தமானது. அதை வாங்க மாநில அரசும் பணம் ஒதுக்கியது. நினைவுச்சின்னத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு இதுதான் பெரிய அங்கீகாரமாகத் தெரிகிறது.

விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. வேணும். பேர் சொல்லிக் கூப்பிடாத இனத்துக்கு நிலம் கேட்கும் குரலும் வராது. சட்டமன்ற வாசலில் தன் தாத்தாவின் போரைக் கல்லில் பார்க்கும் பிள்ளைக்கு நிமிர்வு வருகிறது. அந்த நிமிர்வோடு அடுத்த கோரிக்கையைக் கையில் எடுத்தார்கள் பாருங்க, அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

உழவர் நாள் என்று மேடை போட்டு நமக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். வாங்கிக்கொள்வோம். மேடையை விட்டு இறங்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் ஒரு கேள்வியும் கேட்போம்: குத்தகை உழவருக்கு, மண்ணைத் திருத்தும் அளவுக்காவது, ஐந்து பத்து வருஷம் நிலம் உறுதி தரும் ஏற்பாடு எப்போது?