கரப்பானுக்கு மருந்து, படர்தாமரைக்குத் தீனி

கரப்பான் முதலிய தோல் அழற்சிகளைத் தணிப்பதில் ஸ்டீராய்டுக் களிம்புக்கு நிகரானவை சிலவே. 1952-ஆம் ஆண்டில் சல்ஸ்பர்கர், விட்டன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவிப் பயன் கண்டனர்.

நம் நாட்டிலோ பலர் இதனைப் படர்தாமரைக்குத் தடவுகின்றனர். அது பூஞ்சையால் வரும் நோய். களிம்பு பட்டதும் சிவப்பும் அரிப்பும் தணியும், நோயாளி மகிழ்வார். பூஞ்சையோ தடையின்றிப் பரவும். வட்ட விளிம்பு மங்குவதால் மருத்துவரும் நோயை அறிய இடர்ப்படுவர். தடவுவதை நிறுத்தினால் அரிப்பு முன்னிலும் கடுமையாக மீளும். மீண்டும் ஒரு குழாய் வாங்கப்படும். பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-இல் அரசு விதித்தது இதன்பொருட்டே.

முகம் வெளுக்கத் தடவுவோர்க்குத் தோல் மெலியும், பருவும் தோன்றும்.

கரப்பானுக்கு அஞ்சி அஞ்சித் தடவுவதும் பயன் தராது. வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனிக்கணு நீளம் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். விரல்களுடன் இரு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். முகத்துக்கும் குழந்தைகளுக்கும் வீரியம் குறைந்ததே ஏற்றது.

வட்டத் தடிப்புடன் வருவோரிடம், தடவிய குழாயைக் களப்பணியாளர் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தல் வேண்டும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர் காணின், குழாயுடனேயே அவரை மருத்துவரிடம் அனுப்புக.