மேல்காற்றும் வெயிலும் சேரும் நாட்களில் வயல் வேலை

கத்திரி வெயில் மே 28 வாக்கில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு பயமில்லை என்ற எண்ணம் கிராமங்களில் பரவலாக உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், மதுரை, இராமநாதபுரம் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கும் அதே ஜூன் மாதத்தில்தான் இந்த மாவட்டங்களில் மேல்காற்று பலமாகிறது. மலைக்கு அந்தப் பக்கமே ஈரத்தைக் கொட்டிவிட்டு வரும் காற்று, இந்தப் பக்கச் சரிவில் ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி சூடேறுகிறது. கணவாயை ஒட்டிய ஊர்களுக்குச் சாரலும் குளிர்ச்சியும் கிடைக்கும். கிழக்கே போகப் போக வறண்ட சூடுதான் மிச்சம்.

ஆடிக் காற்று என்றதும் வாழை சாய்வதும் கூரை பறப்பதும்தான் நினைவுக்கு வரும். வாழைக்கு முட்டுக் கொடுக்கவும், வரப்போரம் சவுக்கு, அகத்தி வைக்கவும் விவசாயிகளுக்குத் தெரியும். ஆனால் அந்த வயலில் நிற்கும் ஆளைப் பற்றி யோசிப்பது குறைவு.

காற்று செய்யும் ஏமாற்று

காற்றடிக்கும் நாளில் வெயில் உறைப்பது குறைவாகத் தெரியும். வியர்வை வெளியே வந்த உடனே உலர்ந்துவிடுவதால் சட்டை நனையாது. 'இன்றைக்கு அவ்வளவாக வியர்க்கவில்லை' என்று ஆள் நினைத்துக்கொள்வார். உண்மையில் அன்றுதான் உடம்பிலிருந்து தண்ணீர் வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்றின் சூடு அதைத் தாண்டிவிட்டால், வீசும் காற்று தன் சூட்டை உடம்புக்குள் ஏற்றத் தொடங்குகிறது. வியர்வை இருக்கும்வரை உடம்பு சமாளிக்கும். தண்ணீர் தீர்ந்தால் சமாளிக்காது.

ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. வேலை நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்பது நல்ல கணக்கு. எட்டுப் பேர் காலை 6 மணி முதல் 11 மணி வரை களையெடுத்தால் 24 லிட்டர் வேண்டும், அதாவது இரண்டு குடம். ஒரு தூக்குவாளித் தண்ணீரை வரப்பில் வைத்துவிட்டு ஆள் விட்டால் அது போதாது. நீராகாரம், உப்புப் போட்ட மோர், கம்பங்கூழ் எல்லாமே நல்லவை. உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கைவசம் இல்லையென்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வைத்துக்கொள்ளலாம். உப்பு அளவுக்கு மேல் போகக் கூடாது.

தண்ணீர் இருந்தும் குடிக்காதவர்கள் உண்டு. களையெடுக்கும் பெண்கள் பலர் காலையிலிருந்து மதியம்வரை ஒரு வாய் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒதுங்க மறைவிடம் இல்லாததே காரணம். திறந்த கரிசல் காட்டில் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு இருப்பது சிறுநீரகத்துக்கும் கேடு. நான்கு கம்பு நட்டுப் பழைய சேலையையோ பச்சை நிழல்வலையையோ சுற்றிக் கட்டினால் போதும். நிலத்துக்காரர்கள் செய்ய வேண்டிய மிகச் சிறிய செலவு இது. இதைச் சொல்ல ஏனோ எல்லோரும் கூச்சப்படுகிறார்கள்.

வேலையைக் காலை 11 மணிக்குள் முடித்து, மிச்சத்தை மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வெயில் வேலையை விட்டு நாளானவர்கள், ஊருக்குத் திரும்பி வந்து வயலில் இறங்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு முதல் வாரம்தான் ஆபத்து. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், முதல் நாளே முழு வேலை கொடுக்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் கோடைக்கு முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தவரை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். ஆனால் பேச்சு குழறினால், தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பத் தாக்கம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை சும்மா இருக்கவும் கூடாது. நிழலுக்குத் தூக்கிவந்து, உடையைத் தளர்த்தி, பம்புசெட்டுத் தண்ணீரைத் தாராளமாக உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வைக்க வேண்டும். உடம்பு சில்லென்று நனைந்திருப்பதுதான் உயிரைக் காக்கும். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கம் என்பதும் சரியல்ல. பாடுபடும் ஆளுக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் அது வரும்.

மருந்து தெளிக்கும் நாள்

காற்று நாளில் தெளித்தால் மருந்து பயிரில் நிற்காது. தெளிப்பவர் முகத்திலும், பக்கத்து வயலில் காய் பறிப்பவர் மேலும், தொழுவத்துத் தண்ணீர்த் தொட்டியிலும் போய் விழும். இலைகள் விடாமல் ஆடிக்கொண்டிருந்தால் அன்று டேங்கைத் தோளில் ஏற்ற வேண்டாம். காற்று அடங்கியிருக்கும் அதிகாலையே சரியான நேரம். வியர்வையில் நனைந்த சட்டை வழியாக விஷம் தோலுக்குள் எளிதாக இறங்கும்.

இதில் ஒரு குழப்பம் உயிருக்கே உலை வைக்கிறது. மருந்து ஏறினாலும் தலைசுற்றல், வாந்தி. வெயில் தாக்கினாலும் அதே தலைசுற்றல், வாந்தி. 'வெயில் மயக்கம்தான்' என்று மரத்தடியில் படுக்க வைத்து மணிக்கணக்கில் விட்டுவிடுவார்கள். தெளித்தவருக்கு மயக்கம் வந்தால் மருந்து ஏறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வாயில் எச்சில் ஒழுகினால், கண்மணி குறுகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தீ

அறுவடை முடிந்த தாள், கரும்புச் சோகை, வரப்புப் புல் ஆகியவற்றுக்குத் தீ வைக்கும் பழக்கம் விடுவதாக இல்லை. சோகையைப் பாருக்குப் பாரு பரப்பினால் ஈரம் நிற்கும், களை அடங்கும். இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லியும் தீப்பெட்டிதான் ஜெயிக்கிறது. காற்றில்லாத நாளிலேயே வேண்டாத வேலை, மேல்காற்று நாளில் அது கொலைக்குச் சமம். பறக்கும் ஒரு பொறி நாலு வயல் தாண்டி யாருடைய படப்பிலோ கூரையிலோ உட்கார்ந்துவிடும்.

பக்கத்துக் கரும்பில் தீ ஏறிவிட்டால் வேப்பங்குழையோடு முன்னால் போய் நிற்பவர்தான் முதலில் மாட்டுகிறார். காற்றுப் போகும் திசையில், தீக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. ஓட வேண்டியிருந்தால் பக்கவாட்டில் ஓடி, உழுத நிலத்திலோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரையிலோ நிற்க வேண்டும். மேட்டை நோக்கி ஓடுவது தவறு. சரிவில் தீ மனிதனைவிட வேகமாக ஏறும். 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், காய்ந்த புல்வெளியில் பரவிய தீயில் சிக்கி மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். காய்ந்த புல் சரிவு எத்தனை ஆபத்தானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112. தகவல் சொன்ன பிறகுதான் அணைக்கும் வேலை.

வைக்கோல் படப்பை வீட்டுக்கும் தொழுவத்துக்கும் தள்ளி, மின்கம்பி போகாத இடத்தில் போட்டு, சுற்றிலும் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கி வைக்க வேண்டும். கூரை வீடுகளில் காற்று எழுவதற்கு முன் காலையிலேயே சமையலை முடித்து, அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைப்பது நல்லது.

தொய்ந்த மின்கம்பிகள் காற்றில் உரசித் தீப்பொறி கொட்டுவதும் உண்டு. அப்படிப்பட்ட கம்பியைப் பார்த்தால் மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதியலாம். கம்பி அறுந்து விழுந்தால் 30 அடிக்குள் ஆளோ மாடோ போகக் கூடாது. காய்ந்த கம்பு என்று நம்பி அதை எடுத்துத் தள்ளுவதும் ஆபத்து. முருங்கை, தேங்காய் பறிக்கும் இரும்புத் துரட்டியும், தூக்கி நிறுத்தும் பாசனக் குழாயும் கம்பிக்கு அருகே வரவே கூடாது.

ஆடுமாடுகளுக்குச் சொல்வது சுருக்கம்தான்: காலையிலும் மாலையிலும் மட்டும் மேய்ச்சல், எந்நேரமும் நிழலில் தண்ணீர். கோழிகளுக்கு நடுப்பகலில் தீவனத்தை நிறுத்திவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் வைக்கலாம்.

காற்றின் வேகமும் திசையும் அடுத்த ஐந்து நாட்களுக்கு எப்படி இருக்கும் என்பதை வானிலைத் துறையின் 'மேகதூத்' செயலி தமிழிலேயே சொல்கிறது. ஆள் கூப்பிடுவதற்கு முதல் நாள் மாலை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

வாசகர் கேள்வி: வயலில் வெயில் தாக்கி இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு உதவி உண்டா?

உண்டு. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆனால் வெப்பத்தால்தான் இறந்தார் என்பதற்குச் சான்று வேண்டும். துக்கத்தில் அவசரமாக அடக்கம் செய்துவிட்டால் பிறகு காரணத்தை நிரூபிப்பது மிகவும் சிரமம். அன்றே கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுத்து, அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்து, அந்த அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும்.